பாக்கெட் வெயில்

ஒரு பாக்கெட் வெயில் முப்பத்தைந்து ரூபாய். நான் பதினொன்றுக்குப் பேரம் முடித்தேன்.

ஜோகுபாளையத்தில் எங்கள் சந்துக்கு வெயில் இறங்குவதில்லை. எதிர்வீட்டு மூன்றாம் மாடியோடு நின்றுவிடும். நாள் முழுக்கத் தையல் மெஷினில் உட்காரும் என் மனைவி பிரிஜெட்டுக்கு முட்டிவலி. டாக்டர் வைட்டமின் டி பவுடர் எழுதினார். வாரத்துக்கு ஒரு பாக்கெட், எட்டு வாரம்.

எட்டே எட்டைச் சில்லறை விலைக்கு வாங்க எனக்கு மனசு வருமா? சிவாஜிநகரில் பை வியாபாரம் செய்கிறவன். பக்கத்துக் கடை மருந்து ஏஜென்ட்டிடம் நூறு பாக்கெட் பெட்டி ஒன்று விலைபோகாமல் கிடந்தது. தேதி முடிய மூன்றே மாதம். அவன் அழாத குறையாக விலையை அடித்துத் தூக்கி வந்தேன்.

வாரத்துக்கு ஒன்று என்றால் தேதிக்குள் பதின்மூன்றுதான் தீரும், மற்றது குப்பைக்கு. தினம் ஒன்று என்று வைத்தேன். சீட்டில் அப்படி இல்லையே என்றாள். வெயில் என்ன வாரத்துக்கு ஒருநாளா அடிக்கிறது என்று கேட்டேன். சிரித்துவிட்டுக் குடித்தாள்.

இரண்டு மாதத்தில் அடங்காத தாகம். குடிப்பதும் பாத்ரூமுக்கு ஓடுவதுமாக இருந்தாள். தண்ணீர் கேன்காரன் நமக்குத் தனி வண்டி விடப்போகிறான் என்று கிண்டல் செய்தேன். பிறகு வாந்தி, தளர்ச்சி. சத்துப் போதவில்லை என்று நினைத்து, ஒருநாள் விடாமல் நானே பாலில் கலக்கிக் கொடுத்தேன்.

எண்பத்து நாலாம் நாள் காலை பேச்சு குழறியது. ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன்.

டாக்டரம்மா பொறுமையாகத்தான் சொன்னார். அளவோடு இருந்தால் இந்த மருந்து சாப்பாட்டிலிருந்து கால்சியத்தை எடுத்துக் கொடுக்கும், அதை வீணாக்காதே என்று கிட்னிக்கும் சொல்லும். மிஞ்சினால் ரத்தமெல்லாம் கால்சியம். அதை வெளியே தள்ளப் பார்த்துக் கிட்னி உடம்புத் தண்ணீரையே கொட்டித் தீர்க்கும். கடைசியில் கால்சியம் கிட்னியிலேயே படியும். இவருக்குப் படிந்துவிட்டது என்றார். எத்தனை கொடுத்தீர்கள் என்று கேட்டார். சொன்னேன். அவர் பேனாவை மூடினார்.

அன்று சாயங்காலம் பிரிஜெட்டுக்குக் கொஞ்சம் தெளிவு வந்தது. என் கையைத் தேடிப் பிடித்தாள்.

"ஏங்க, இன்னிக்குப் பாக்கெட் குடிக்கலையே. தேதி முடிஞ்சிடுமே, வீணாப்போகுது."

வீட்டுக்குப் போய்க் குடிக்கலாம் என்றேன். நாலாம் நாள் போய்விட்டாள்.

அடக்கம் முடிந்து வந்து பெட்டியைத் தரையில் கவிழ்த்து எண்ணினேன். வாங்கியது நூறு. அவள் குடித்தது எண்பத்து மூன்று. மிச்சம் பதினேழு. கணக்கு சரியாக இருந்தது.

சீட்டில் எழுதியிருந்தது எட்டு.