சத்தம் போடாத படகு

சவேரியின் விரல்களுக்கிடையே கயிறு வழுக்கிக்கொண்டு இறங்குகிறது, பாகம் பாகமாக, நுனியில் ஈயக்குண்டு, குண்டின் அடிக்குழியில் அப்பிய சவுக்காரம், சேறானால் சேறு ஒட்டும், மணலானால் மணல் ஒட்டும், ஒவ்வொரு முறையும் மணல்தான், என் கொழுந்தன் சவேரி சங்கு குளிக்கிறவன், அதைத் தடவிப் பார்த்துவிட்டு, இங்க இல்ல மைனி, என்கிறான், எனக்கு உயிர் வருகிறது, இல்லாத இடமெல்லாம் என் புருஷன் உயிரோடிருக்கிற இடம். காற்றடித்த அன்று தனியாக வள்ளத்தில் போன கஸ்பார் திரும்பவில்லை, நான் இன்னும் வாய்விட்டு அழவில்லை, எங்கள் ஊரில் அழக்கூடாது, சாவு உறுதியானால்தான் அழலாம், தேடப்போனவர்கள் கரைக்குக் கேட்க அழுதுகொண்டே வருவார்கள், சத்தமில்லாத படகென்றால் ஆளுக்கு ஒன்றும் ஆகவில்லை.

சவுண்டுன்னா சத்தம்தானப்பா, ஆழம் பாக்கதும் சவுண்டுதானாம், என்று எங்கள் மகள் ஜெசிந்தா இங்கிலீஷ் புத்தகத்தை வைத்துக்கொண்டு படிக்கிறாள், நல்லா அசந்து தூங்குதது, ஒடம்பு திடமா இருக்கது, ரெண்டு கரைக்கு நடுவுல ஒடுங்கின கடல், எல்லாத்துக்கும் அதே வார்த்தைதான், கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டே அவர் சிரிக்கிறார், அப்பம் வெள்ளைக்காரனுக்கு வார்த்தைக்கு அம்புட்டுப் பஞ்சமா பிள்ள, நம்மகிட்டக் கேட்டா ரெண்டு குடுத்திருப்பமே, மகள் அவர் முதுகில் புத்தகத்தால் அடிக்கிறாள், அவர் பாயில் சரிந்து பொய்க் குறட்டை விடுகிறார், பொய்க் குறட்டை நிஜக் குறட்டையாகிறது, நான் விளக்கை அணைத்துப் பக்கத்தில் படுக்கிறேன், பாய் ஆடுகிறது, பாய்க்குக் கீழே தண்ணீர், குறட்டை அடியிலிருந்து வருகிறது, ஏங்க, கொஞ்சம் மேல வந்து படுங்க என்று நான் எழுப்புகிறேன், மைனி, மைனி என்று யாரோ என்னை எழுப்புகிறார்கள்.

சவேரி குண்டை என் முன்னால் நீட்டினான், சவுக்காரத்தில் பச்சைச் சாயம் ஒட்டியிருந்தது, எங்கள் வள்ளத்தின் சாயம். அவன் சட்டையைக் கழற்றிவிட்டுக் குதித்தான், நான் மாதாவைக் கூப்பிடக்கூட மறந்து தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தேன், ஏறி வந்தவனுக்கு மூச்சு வாங்கியது, கிடக்காரு மைனி, வலையில சுத்திக் கிடக்காரு, நான் ஒருத்தனாத் தூக்க முடியாது, ஆள் கூட்டிட்டு வருவோம் என்று அந்த இடத்தில் மிதவையைக் கட்டினான், பிறகு என் காலைப் பிடித்துக்கொண்டு, இனி அழலாம் மைனி, என்றான்.

நான் வாயைத் திறந்தேன், திறந்த வாயில் சேலையைத் திணித்துக்கொண்டேன், கரையில் ஜெசிந்தா நிற்கிறாள், என் குரல் போய்ச் சேருகிற வரைக்கும் அவளுக்கு அப்பா இருக்கிறார், சவேரி, நீயும் சத்தம் போடாத, பிள்ளைக்கு இன்னும் கொஞ்ச நேரம், என்று கையெடுத்துக் கும்பிட்டேன், அது முறையில்லை என்று அவனுக்குத் தெரியும், ஆனாலும் உதட்டைக் கடித்துக்கொண்டு தலையாட்டினான். கோயில் கோபுரம் தெரிந்தது, கரையில் கூட்டம் தெரிந்தது, எல்லோரும் பேச்சை நிறுத்திவிட்டு எங்கள் படகுக்குக் காதைக் கொடுத்து நின்றார்கள், கூட்டத்திலிருந்து மகள் பிய்த்துக்கொண்டு ஓடி வந்தாள், இடுப்பளவுத் தண்ணீரில் நின்று எங்களைப் பார்த்து இரண்டு கைகளையும் ஆட்டினாள், ஐயோ, என் பிள்ளை சிரித்துக்கொண்டிருந்தாள்.