திருவிழா நாளில் ஒருசந்தி

“இந்தத் தாள்ல என்னமோ இருக்குது ரஞ்சனி. எனக்கு நல்லதாப் படல” என்றான் ஜெகதீசன்.

சோற்றில் கை வைத்தபடியே சொன்னான். தாள் ரஞ்சனியின் மடியில் கிடந்தது. பங்குக் கோயிலின் முத்திரை போட்ட தாள். ஜூலைக் கடைசி ஞாயிறு நடக்கவிருக்கும் புனித அன்னம்மாள் திருவிழாவில் சமபந்தி விருந்து சமைக்கும் பொறுப்பு, இந்த ஆண்டு எஸ்டேட் லைன் அன்பியத்துக்கு என்று அதில் எழுதியிருந்தது. பொறுப்பாளர்: திருமதி ரஞ்சனி. கீழே பங்குத்தந்தை ஆஷ்லியின் கையெழுத்து.

“சீட்டுக் குலுக்கித்தானுங்க எடுத்தாங்க. பூசை முடிஞ்சு, எல்லார்த்துக்கும் முன்னால.”

“இத்தன வருசமாக் குலுக்காத சீட்ட இப்ப எதுக்குக் குலுக்கறாங்க?”

அவளுக்கும் அதே கேள்வி இருந்தது. புருசன் வாயிலிருந்து வந்ததால் அதை எதிர்க்க வேண்டியிருந்தது, அவ்வளவுதான்.

ஜெகதீசன் கோயிலுக்குப் போகிறவன் இல்லை. அவன் மாரியம்மனைக் கும்பிடுகிற குடும்பம். தேயிலை ஃபாக்டரியில் வேலை. ரஞ்சனியோ பிறந்ததிலிருந்து அந்தப் பங்கின் பிள்ளை. சிலோனிலிருந்து கப்பலேறி வந்த அவள் அப்பா, இந்த மலையில் முதலில் தேடியது தேவமாதா சுரூபம் இருக்கிற இடத்தை என்பார்கள்.

பங்கை எட்டு அன்பியங்களாக, அக்கம்பக்கத்துக் குடும்பக் குழுக்களாக, பிரித்திருந்தார்கள். ஏழு அன்பியம் பஜாரிலும் அதைச் சுற்றிய தெருக்களிலும். ஒன்று மட்டும் எஸ்டேட் லைன் வீடுகளில். பஜார்க் குடும்பங்கள் நாலு தலைமுறைக்கு முன் கடை வைக்கவும் கிளார்க் உத்தியோகம் பார்க்கவும் சமவெளியிலிருந்து மலையேறியவை. ஏறும்போது ஞானஸ்நானத்தோடு சாதியையும் பத்திரமாகச் சுமந்து வந்தன. அதைப் பற்றி யாரும் பேசுவதில்லை. பேசவேண்டிய அவசியம் வராதபடி வேலைகள் பிரிக்கப்பட்டிருந்தன. லைன் பெண்கள் கோயிலைக் கழுவுவார்கள், பெஞ்சுகளைத் துடைப்பார்கள், திருவிழா முடிந்ததும் அண்டாக்களைத் தேய்ப்பார்கள். ரஞ்சனி பதினோரு திருவிழாவுக்குக் கரண்டியைக் கழுவியிருக்கிறாள், பிடித்ததில்லை.

புதிதாக வந்த ஃபாதர் ஆஷ்லி இதைக் கவனித்தாரா, இல்லை எல்லா அன்பியத்துக்கும் முறை வரட்டும் என்று சும்மா நினைத்தாரா, அதுவும் ரஞ்சனிக்குத் தெரியவில்லை. சீட்டு எடுத்ததும் அவர் சிரித்த சிரிப்பை அவள் பலமுறை நினைத்துப் பார்த்தாள். ஆயர் இல்லத்துக்கு அனுப்ப ஒரு ஃபோட்டோ வேண்டுமென்று கூட இருக்கலாம்.

மறுநாள் மாலை ஜோஸ்பின் டீச்சர் லைனுக்கே வந்தார். மாதர் சங்கத் தலைவி. ரிட்டயரான பிறகும் பங்கில் எல்லோருக்கும் டீச்சர்தான். நனைந்த குடையை வாசலில் விரித்து வைத்துவிட்டு, உள்ளே வராமல், கையிலிருந்த பையை நீட்டினார். பிளாஸ்டிக் கையுறை, தலைக்கு மாட்டும் வலைத்தொப்பி, ஏப்ரன்.

“சமைக்கப் போற எட்டுப் பேருக்கும் இருக்கு கண்ணு. இப்பல்லாம் ரூல்ஸ் ஜாஸ்தி. அப்புறம், ஆஸ்பத்திரியில ஒரு ஃபிட்னஸ் சர்டிபிகேட்டும் வாங்கிருங்க. தொத்து வியாதி இல்லேன்னு.”

“போன வருசம் உங்க அன்பியந்தானுங்களே சமைச்சீங்க. நீங்க வாங்கினீங்களா டீச்சர்?”

டீச்சர் சிரித்தார். “இது இந்த வருசத்து ரூல்.”

எட்டுப் பெண்களும் ஒருநாள் லீவு போட்டு ஆரம்ப சுகாதார நிலையத்தில் வரிசையில் நின்றார்கள். ரத்தம் கொடுத்தார்கள். எட்டுப் பேருக்கும் ஒன்றுமில்லை. ரஞ்சனி சர்டிபிகேட்டுகளைப் பங்குப்பேரவைச் செயலர் தைரியநாதனின் ஹார்டுவேர் கடையில் கொண்டுபோய்க் கொடுத்தாள். அவர் ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்தார். ஏதாவது ஒன்றில் ஏதாவது இருக்கும் என்று எதிர்பார்த்தவர் போல இரண்டாம் முறையும் பார்த்தார்.

“ஏம்மா, அறுநூறு பேர்த்துக்குச் சமையல். உங்களால முடியுமா? சோறு மட்டும் வடிச்சுக் குடுத்துருங்க. கறி, கூட்டெல்லாம் வெளிய சொல்லிக்கலாம். உங்களுக்குச் சிரமம் வேண்டாம்னுதான் சொல்றேன்.”

“சிரமமில்லீங்க. நாங்களே பண்ணிக்கறோம்.”

அவர் வற்புறுத்தவில்லை. வற்புறுத்தாததுதான் ரஞ்சனியைத் தூங்கவிடாமல் செய்தது. சண்டை போட்டிருந்தால் என்ன நினைக்கிறார் என்று தெரிந்திருக்கும். பஜாரில் எதிர்ப்பட்ட எல்லோரும் அந்த வாரம் அவளிடம் வழக்கத்தைவிட அன்பாகப் பேசினார்கள். ஒவ்வொரு அன்பையும் அவள் திருப்பித் திருப்பிப் பார்த்தாள், தைரியநாதன் சர்டிபிகேட்டைப் பார்த்தது போல.

“சமைச்சு முடிச்சதும் யாருக்காச்சும் வயித்தால போச்சுன்னு கிளப்பிவிட்டா என்ன பண்ணுவே?” என்று ஜெகதீசன் கேட்டான்.

அன்றிலிருந்து அவளுக்கு அந்தப் பயமும் சேர்ந்துகொண்டது. திருவிழாவுக்கு முந்தின நாள் காய்கறி இறங்கியதும் கிடங்கைப் பூட்டிச் சாவியை இடுப்பில் முடிந்துகொண்டாள். தண்ணீர்த் தொட்டியை ஜெகதீசன் பார்த்துக்கொள்வதென்று முடிவானது. வேற்று மதக்காரன், கோயில் தொட்டிக்குக் காவல்.

ஞாயிறு விடியும்போதே மழை நூலாக இறங்கிக்கொண்டிருந்தது. பங்கு மண்டபத்தின் பின்னால் தகரக்கொட்டகையில் ஆறு அடுப்பு எரிந்தது. எட்டுப் பெண்களும் தொப்பி மாட்டி, கையுறை போட்டு, ஏப்ரன் கட்டி நின்றார்கள். கேரட்டும் பீன்ஸும் கோஸும் மலையாகக் கிடந்தன. கோழிக்கறிக்கு மல்லியும் மிளகும் ரஞ்சனியே வறுத்தாள். அவள் வறுக்கிற வாசம் தெரிந்து, மண்டபத்தில் தோரணம் கட்டிக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

பாடல் பூசை தொடங்கும் முன் ஜோஸ்பின் டீச்சர் கொட்டகைக்குள் வந்தார். யாரையும் பார்க்காமல் நேராகப் போய்க் கறி அண்டாவின் மூடியைத் தூக்கினார். ரஞ்சனி எப்படி அங்கே வந்தாள் என்று அவளுக்கே தெரியாது. டீச்சரின் மணிக்கட்டைப் பிடித்திருந்தாள்.

“என்ன வேணுங்க டீச்சர்?”

“வாசம் நல்லா இருந்துச்சு. பாக்கலாம்னு.”

இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். டீச்சர் சொன்னது உண்மை. உள்ளங்கையில் துளி விட்டுக் கொடு, உப்புப் பார்க்கிறேன் என்று கேட்கும் ஆசைகூட அவருக்குக் கணநேரம் வந்தது. மணிக்கட்டில் பட்டிருந்த விரல்களைப் பார்த்ததும் அந்த ஆசை போய்விட்டது. ஏன் போனது என்று அவர் தன்னையே கேட்டுக்கொள்ளவில்லை. கேட்டுக்கொள்ளாமலே அறுபத்தாறு வருடம் வாழ்ந்துவிட்டவர். ரஞ்சனி கையை எடுத்தாள். டீச்சர் மூடியை வைத்துவிட்டுப் போனார். டீச்சர் அண்டாவுக்குள் எதையாவது போட்டுவிட்டாரோ என்று பயந்து, ரஞ்சனி குழம்பைக் கரண்டியில் எடுத்து முதலில் தானே குடித்துப் பார்த்தாள்.

பூசை முடிந்தது. சப்பரம் மழையில் பஜாரைச் சுற்றி வந்தது. பந்தி தொடங்கியது.

ஃபாதர் ஆஷ்லி முதல் ஆளாக உட்கார்ந்தார். அவருக்கு இரண்டு பக்கமும் லைன் ஆட்கள், பிள்ளைகள், திருவிழா பார்க்க வந்த அக்கம்பக்கத்து இந்துக் குடும்பங்கள். முதல் பந்தி நிறைந்தது. இரண்டாம் பந்தி பாதி நிறைந்தது. மூன்றாம் பந்திக்கு இலை போட்டுவிட்டுப் பெண்கள் காத்து நின்றார்கள். ஆள் இல்லை.

பஜார்க்காரர்கள் இல்லாமல் இல்லை. மண்டப வாசலில், மாதா சிலை இருந்த கெபியருகில், குடைக்கடியில் நின்று பேசிக்கொண்டுதான் இருந்தார்கள். ரஞ்சனி வெளியே வந்து கூப்பிட்டாள்.

“உக்காருங்க, எலை போட்டாச்சு.”

“நேர்ச்சை ரஞ்சனி. இன்னிக்கு ஒருசந்தி” என்றார் ஜோஸ்பின் டீச்சர்.

“எனக்கும் ஒருசந்திதான்” என்றார் தைரியநாதன். அவர் மனைவிக்கும் ஒருசந்தி. அவர்களுக்குப் பின்னால் நின்றவர்களும் அதையே சொன்னார்கள். தவக்காலத்தில் வெள்ளிக்கிழமைகூட ஒருவேளை பட்டினி கிடக்காத ஆட்கள், பங்குப் பாதுகாவலியின் திருவிழா நாளில் தெருத்தெருவாக ஒருசந்தி பிடித்திருந்தார்கள்.

உள்ளே ஃபாதர் இரண்டாம் முறை சோறு வாங்கிக்கொண்டிருந்தார். காலி இலைகளை அவர் பார்த்தார். மறுபடி தன் இலைக்குக் குனிந்தார்.

ரஞ்சனி கை கழுவ மறைக்கல்வி வகுப்பறைப் பக்கம் இருந்த குழாய்க்குப் போனாள். அங்கே ஒரு ஆம்னி வேன் பின்கதவு திறந்தபடி நின்றது. பிரியாணி வாசம். வேனிலிருந்து பெட்டியை இறக்கிக்கொண்டிருந்தவன் நிமிர்ந்தான். ஜெகதீசனின் தம்பி பாலகுமார். குன்னூரில் ஒரு ஓட்டலில் பிரியாணி மாஸ்டராக இருக்கிறான். அங்கேயே அறை எடுத்துத் தங்கியிருக்கிறான். எஸ்டேட்டுக்கு வருவது பொங்கலுக்குப் பொங்கல்.

“அண்ணி, நீங்கதான் இன்னிக்குச் சமையல்னு அண்ணன் ஃபோன்ல சொல்லுச்சு. அப்புறம் எதுக்கு இங்க நூத்தியிருபது பார்சல்? டெலிவரி ஆள் வரல, அதான் நானே ஏத்திட்டு வந்தேன்.”

ரஞ்சனி திரும்பிப் பார்த்தாள். வகுப்பறையின் ஜன்னல் சற்றுத் திறந்திருந்தது. உள்ளே பிள்ளைகளின் பெஞ்சுகளில் ஒருசந்தி பிடித்தவர்கள் உட்கார்ந்திருந்தார்கள். இவள் திரும்பி நடப்பதற்குள் அவர்கள் பின்வழியாக வந்திருக்க வேண்டும். பொட்டலங்கள் பிரிந்திருந்தன. தைரியநாதன் கோழிக்காலைக் கடித்துக்கொண்டிருந்தார்.

பாலகுமாரும் பார்த்தான். அவனுக்கு விளங்க நேரமாகவில்லை. அவன் அந்த லைனில் பிறந்தவன்.

“வுடு பாலு, போயிரு” என்றாள் ரஞ்சனி மெதுவாக. “உங்க மொதலாளிக்கு மாசா மாசம் ஆர்டர் குடுக்கறவங்க இவங்க. உன் வேலைக்கு வெனையாப் போயிரும்.”

“இத்தன நாளும் என் கையாலதான தின்னுருக்காங்க அண்ணி.”

அவன் கடைசிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கதவைத் தள்ளினான். ரஞ்சனிக்கு அவனைத் தனியே விட மனம் வரவில்லை. ஏப்ரனும் தொப்பியுமாக அவன் பின்னால் போய் நின்றாள்.

அவளைப் பார்த்ததும் ஜோஸ்பின் டீச்சர் பொட்டலத்தின்மேல் முந்தானையை இழுத்தார்.

“ருசி எப்படிங்க இருக்குது?” என்று பாலகுமார் கேட்டான்.

வேனில் வந்த ஆள்தானே என்று தைரியநாதனுக்கு ஒரு நிம்மதி. “உங்க ஓட்டல் ருசிக்கு என்னப்பா கொறை. எந்த மாஸ்டர்? அவருக்கு நாங்க கேட்டதாச் சொல்லு.”

“நான்தானுங்க மாஸ்டர். மேல் லைன் பாலகுமார். இவங்க என்ற அண்ணி.”

யாரும் துப்பவில்லை; துப்புவதற்கு ஒரு காரணம் சொல்ல வேண்டியிருக்கும். யாரும் விழுங்கவும் இல்லை. ஜோஸ்பின் டீச்சரின் கன்னம் ஒரு பக்கம் உப்பியபடியே இருந்தது. கண்ணில் நீர் கோத்தது. அது வெட்கமா அருவருப்பா என்று அவருக்கே தெரிந்திருக்காது. பின் பெஞ்சில் ஒரு கிழவர் மட்டும் எல்லோரையும் சுற்றிப் பார்த்துவிட்டு, மறுபடி தின்னத் தொடங்கினார்.

“ஒருசந்தி முடிஞ்சா வாங்க. எலை இன்னும் எடுக்கல” என்றாள் ரஞ்சனி. திரும்பி நடந்தாள்.

யாரும் வரவில்லை. மிஞ்சிய சோறும் கறியும் லைன் வீடுகளுக்கும் பக்கத்து எஸ்டேட்டுக்கும் போயிற்று. யாருக்கும் வயிறு கெடவில்லை. பாலகுமாரின் வேலையும் போகவில்லை. பஜார் ஆர்டர்கள் மட்டும் நின்றன.

இரண்டு வாரம் கழித்துப் பங்குப்பேரவை கூடியது. அன்பியப் பொறுப்பாளர்கள் எட்டுப் பேரும் மேசையைச் சுற்றி இருந்தார்கள். தைரியநாதன் தீர்மானத்தைப் படித்தார். அடுத்த ஆண்டிலிருந்து திருவிழாவில் சமபந்தி விருந்து கிடையாது. அதற்குப் பதிலாக எல்லோருக்கும் கம்பெனி பிஸ்கட் பாக்கெட் ஒன்று வழங்கப்படும். காரணம்: சுகாதாரம். அனைவராலும் ஒருமனதாக ஏற்கப்பட்டது.

“மிஷின்ல பண்ணி மிஷினே ஒட்டறது. கையே படாது” என்று ஒருவர் விளக்கினார்.

மினிட்ஸ் நோட்டு கை மாறி வந்தது. ஏழு கையெழுத்து இருந்தது. எட்டாவது இடம் காலி. ரஞ்சனி முழுவதையும் எழுத்துக்கூட்டிப் படித்தாள், பேனாவை எடுக்கவில்லை.

“போட்டுருங்கம்மா” என்றார் ஃபாதர் ஆஷ்லி. குரல் இளகியிருந்தது. “எல்லார்க்கும் மனஸ்தாபம் இல்லாம இருக்கட்டும். பின்னால பாத்துக்கலாம்.”

அவர் தன் பக்கம் என்று ஒருநாள் நம்பியிருக்கிறாள். இல்லை என்று பலநாள் சந்தேகப்பட்டிருக்கிறாள். இப்போது பார்த்தால் அவர் எந்தப் பக்கமும் இல்லை. சண்டை வந்துவிடக் கூடாதே என்று பயப்படுகிற ஒரு சின்ன வயசுக்காரர், அவ்வளவுதான். அவளுக்கு அவர்மேல் கோபம்கூட வரவில்லை.

“போடறேன் ஃபாதர். எங்க எட்டுப் பேர்த்து சர்டிபிகேட்டும் செயலர் கிட்ட இருக்குது. சாப்பிட்டவங்க ஒருத்தருக்கும் ஒண்ணும் ஆகல. அதனால சுகாதாரம்னு இருக்கறத அடிச்சுட்டு, காரணத்த சரியா எழுதச் சொல்லுங்க. எழுதினா நான் கையெழுத்துப் போடறேன்.”

“என்னான்னு எழுதறது?” என்றார் தைரியநாதன் எரிச்சலாக.

“உங்களுக்குத் தெரியுமுங்க.”

நோட்டை அவர் பக்கம் நகர்த்தினாள். தைரியநாதன் சுகாதாரம் என்ற சொல்லின்மேல் பேனாவை வைத்தார். பிறகு எடுத்துவிட்டு, பக்கத்திலிருந்தவரிடம் நோட்டைத் தள்ளினார். அவர் ஜோஸ்பின் டீச்சரிடம் தள்ளினார். நாற்பது வருடம் கரும்பலகையில் எழுதிய கை. அதுவும் நோட்டைத் தொட்டுவிட்டு அடுத்தவரிடம் நகர்த்தியது. நோட்டு மேசையைச் சுற்றிவந்து ரஞ்சனியின் முன்னால் நின்றது.

இரண்டெழுத்துச் சொல். அதைக் காலமெல்லாம் கட்டிக் காத்தவர்களில் ஒருவருக்கும் அன்று அதை எழுத்தில் எழுதக் கை வரவில்லை.