நிழலுக்கு வாடகை

பெப்ரேசோ ஊர் அரண்மனைக்கு வெறுங்கையோடு போகக் கூடாது. கொடுக்கப் போனாலும் சரி, கேட்கப் போனாலும் சரி, கையில் ஒரு புட்டி ஷ்னாப்ஸ் சாராயம் இருக்க வேண்டும். தனக்கு வர வேண்டிய பணத்தைக் கேட்பதற்காக எட்டு மாதத்தில் ஐந்தாவது புட்டியை வாங்க முச்சந்திக் கடை முன் நின்றாள் பிராகோ. சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்பார்கள். இங்கே சுண்டைக்காய் இன்னும் கண்ணிலேயே படவில்லை. சுமைகூலி மட்டும் தவறாமல் போய்க்கொண்டிருந்தது.

கடைக்காரி நீட்டிய அட்டைப்பெட்டியில் இடது மூலை நசுங்கியிருந்தது. போன மாதம் அவள் அரண்மனையில் கொடுத்துவிட்டு வந்த பெட்டியிலும் அதே மூலைதான் நசுங்கியிருந்தது.

"இது என்கிட்ட ஏற்கெனவே ஒரு தடவை வித்ததுதானே?"

"ரெண்டு தடவை," என்றாள் கடைக்காரி, கொஞ்சமும் கூசாமல். "அங்க யாரும் இதைக் குடிக்கிறதில்ல ஆன்ட்டி. சாயங்காலமே இங்க வந்துடும். உங்களுக்குன்னா அஞ்சு சேடி குறைச்சுக்கிறேன்."

குறைத்ததற்கு நன்றி சொல்வதா, கோபப்படுவதா என்று தெரியாமல் பிராகோ பெட்டியை வாங்கிக்கொண்டாள்.

குமாசி நகரத்தில் சாவு வீடுகளுக்குச் சாமியானாவும் நாற்காலியும் வாடகைக்கு விடுவது அவள் தொழில். அங்கே சாவுச் சடங்கெல்லாம் சனிக்கிழமைதான். சனிக்கிழமை என்று ஒன்று இருக்கும்வரை சாவுச் சடங்கும் இருக்கும், ஆகவே பட்டினி கிடக்க வேண்டாம் என்று நினைத்துத்தான் இறங்கினாள். செத்தவர்களால் இன்றுவரை எந்தத் தொல்லையும் இல்லை. பெப்ரேசோவின் ராணித்தாய் காலமானபோது மூன்று நாளைக்கு எட்டுச் சாமியானா, நானூறு நாற்காலி போட்டாள். ஒன்பதாயிரத்து அறுநூறு சேடி. திங்கட்கிழமை வந்து வாங்கிக்கொள்ளச் சொன்னார்கள். எந்தத் திங்கட்கிழமை என்று அவளும் கேட்கவில்லை, அவர்களும் சொல்லவில்லை.

இரண்டாவது தடவை கேட்கப் போனபோது அவளுடைய பழைய கியா லாரி இதே முச்சந்தியில் இருமி, புகைந்து, நின்றுவிட்டது. முச்சந்திப் பட்டறைக்கார ஃபோசு எஞ்சினைப் பிரித்துப் போட்டுச் சரிசெய்தான். ஆறாயிரம் சேடி. காசு வந்தால்தான் சாவி என்றான். ஆறு மாதமாக லாரி அங்கேயே நின்றது. பிராகோ அடுத்தவன் லாரியை வாடகைக்கு எடுத்து நாற்காலி ஏற்றினாள். சனிக்கிழமை வருமானத்தை அந்த லாரிக்காரனே தின்றுவிட்டுப் போனான். போன வாரம் ஃபோசு கடைசியாகச் சொல்லிவிட்டான்: மாதக் கடைசிக்குள் வராவிட்டால் எஞ்சினைக் கழற்றி விற்றுக் கணக்கை முடித்துக்கொள்வேன். லாரி போனால் தொழிலும் போச்சு.

அரண்மனையில் செருப்பைக் கழற்றினாள். தண்ணீர் கொடுத்தார்கள், குடித்தாள். இங்கே எல்லாம் அமைதி, நடந்து வந்தது நீதான், என்ன செய்தி என்று முறைப்படி கேட்டார்கள். இதே செய்திக்காக ஐந்தாவது தடவை வந்திருப்பவளிடம் அதே புதுமையோடு கேட்டார்கள்.

ஊர் அரசர் நானா அதுசெய் இரண்டாமவர், செதுக்கு வேலைப்பாடுள்ள ஆசனத்தில் சாய்ந்திருந்தார். அரசரானாலும் ராணியானாலும் அங்கே 'நானா' என்றுதான் மரியாதையாகக் கூப்பிடுவார்கள். முதலாம் அதுசெய் பெரிய போர்வீரராம். இரண்டாமவர் இருபத்திரண்டு வருஷம் ஹாம்பர்க்கில் ஒரு கிடங்கில் பெட்டி எண்ணிவிட்டு வந்தவர். அவர் இதுவரை போரிட்டது மின்சார பில்லோடு மட்டும்தான். கூட்டத்தில் அவர் யாரிடமும் நேராகப் பேசமாட்டார், யாரும் அவரிடம் நேராகப் பேசக் கூடாது. நடுவில் தங்கமுலாம் பூசிய கோலோடு ஒச்சாமே டார்கோ நின்றார். போகிற சொல்லும் வருகிற சொல்லும் ஒச்சாமேயின் வாய் வழியாகத்தான் போய் வர வேண்டும். சபைப் பெரியவர்கள் பதினான்கு பேர் வெள்ளை பிளாஸ்டிக் நாற்காலிகளில் உட்கார்ந்திருந்தார்கள். ஒவ்வொரு நாற்காலியின் முதுகிலும் சிவப்புப் பெயின்டில் 'பிராகோ' என்று எழுதியிருந்தது. சாவு முடிந்து எண்ணியபோது குறைந்த பதினான்கும் இவைதான்.

இன்றைக்குச் சுற்றி வளைக்கக் கூடாது என்று முடிவு செய்து வந்திருந்தாள்.

"ஒச்சாமே, நானாகிட்ட சொல்லுங்க. ஒம்பதாயிரத்து அறுநூறு சேடி. எட்டு மாசம் ஆச்சு. மாசக் கடைசிக்குள்ள ஃபோசுக்கு ஆறாயிரம் கட்டலன்னா என் லாரி போயிடும். எனக்கு வேற வழி இல்ல."

அவளுக்கும் நானாவுக்கும் நடுவே ஆறடிகூட இல்லை. ஒன்பதாயிரம் என்றபோது அவருடைய இடது கண் துடித்ததை அவள் பார்த்தாள். ஆனாலும் ஒச்சாமே சொல்லும்வரை நானா எதையும் கேட்டதாக ஆகாது.

ஒச்சாமே கோலைத் திருப்பினார்.

"நானா, இந்தப் பொண்ணு சொல்றா: பெரிய மரம் சாஞ்ச அன்னிக்கு ஊரே வெயில்ல நின்னுச்சு. நான் நிழல் கொண்டாந்தேன். அந்த நாளை நான் மறக்கல. இப்ப என் வண்டி களைச்சுப் படுத்துடுச்சு. ஆனாலும் என் காலு இந்த வாசலுக்குத்தான் வருது."

பெரியவர்கள் 'ம்' என்று ஒரே குரலில் மெச்சினார்கள். பிராகோ யோசித்துப் பார்த்தாள். அவர் சொன்னதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. தொகையை மட்டும் காணவில்லை.

நானா உதட்டை அசைத்தார். "அவளை நான் மறக்கல" என்று அவர் முணுமுணுத்தது அவள் காதில் நன்றாகவே விழுந்தது. அந்த மூன்று சொல்லை ஒச்சாமே முக்கால் மணி நேரத்துக்கு விரித்தார். ஆற்றைச் சொன்னார், ஆலமரத்தைச் சொன்னார், ஆமையையும் சொன்னார். கடைசியில் விஷயத்துக்கு வந்தார். இந்த நிழலுக்குக் கைமாறு செய்யாமல் இருக்கிற ஊர் இது இல்லை. சபை கூடிப் பேசிவிட்டது. பெப்ரேசோவுக்கு இனி வளர்ச்சி ராணி பிராகோதான்.

பிராகோ குறுக்கிட்டாள். பட்டம் வேண்டாம், பணம் போதும் என்றாள். ஒச்சாமே திரும்பி, இவ்வளவு பெரிய இடத்துக்கு நான் தகுதியா என்று இந்தப் பெண் நடுங்குகிறாள் என்றார். தகுதியெல்லாம் வேண்டாம் ஐயா, வாடகை வேண்டும் என்றாள். கொடுத்ததற்குக் கைமாறு எதிர்பார்த்துக் கொடுக்கவில்லை என்கிறாள் என்றார். ஒரு பெரியவர் அவளுடைய நாற்காலியில் உட்கார்ந்தபடியே கண்ணைத் துடைத்துக்கொண்டார். மேற்கொண்டு வாயைத் திறந்தால் இன்னும் என்ன பட்டம் வந்து விழுமோ என்று பயந்து அவள் வாயை மூடினாள். அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டார்கள்.

வாசலில் ஒச்சாமேயை மடக்கினாள். "தொகையை ஏன் சொல்ல மாட்டேங்கிறீங்க?"

"தொகைங்கிறது பச்சைக் கறி மாதிரி ஆன்ட்டி. அப்படியே நானா முன்னால வெக்க முடியுமா? நான் சமைச்சுத்தான் குடுக்கணும்."

"சமைச்சுச் சமைச்சு என் கறியையே காணோமே. அவருக்குத் தெரியுமா, தெரியாதா?"

"தெரியும்," என்றார் ஒச்சாமே. அவர் குரலில் கேலி இல்லை. "ஆனா அவர்கிட்ட யாரும் சொல்லல."

வீட்டுக்கு வந்து டிரைவர் அட்டாவிடம் சொன்னாள். அவளைவிடப் பத்து வயது மூத்தவர் அவர். லாரி இல்லாத நாளிலிருந்து சாமியானாக் கம்பிகளுக்குப் பெயின்ட் அடிப்பதே அவருக்கு வேலை. முழுவதையும் கேட்டுவிட்டுத் தூரிகையைக் கீழே வைத்தார்.

"ஆக மொத்தம், வாடகை வாங்கப் போயி கிரீடம் வாங்கிட்டு வந்திருக்கீங்க மேடம். அதை ஃபோசு அடகுக்கு எடுத்துக்குவானான்னு கேட்டுப் பாக்கணும்."

பட்டம் சும்மா வராது. இரண்டு ஆடு, சபைக்கெல்லாம் சாராயம், ஆட்டக்காரர்களுக்குச் சாப்பாடு என்று ஒரு நீளப் பட்டியல் வந்தது. சாமியானா பட்டியலில் இல்லை. ராணியின் சாமியானா இருக்கும்போது வாடகைக்கு எதற்கு? அடுத்தவன் லாரியில், தன் காசில், தன் சாமியானாவை ஏற்றிக்கொண்டு போய்த் தானே அடித்து, அதன் கீழே அவள் முடிசூடினாள். அவளுக்கென்று ஓர் ஆசனமும் பரிசாகக் கொடுத்தார்கள். பதினான்கு நாற்காலிகளில் ஒன்றுக்குத் தங்க நிறப் பெயின்ட் அடித்திருந்தார்கள். அடியிலிருந்து சிவப்பில் 'பிராகோ' மங்கலாகத் தெரிந்தது. பெயர் எழுதும் செலவு மிச்சம். ஒலிபெருக்கியில் அவளை வாழ்த்தினார்கள். அழுகிறாள் என்று கூட்டம் உருகியது. அவள் ஆட்டு விலையைக் கூட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மாதக் கடைசி நாள் காலையில் வாசலில் கியாவின் இருமல் கேட்டது. ஃபோசுவே ஓட்டிக்கொண்டு வந்திருந்தான். செருப்பைக் கழற்றிவிட்டு, சாவியை இரண்டு கையாலும் நீட்டினான்.

"எங்க ஊரு ராணியோட வண்டியை என் பட்டறையில பூட்டி வெச்சா நாளைக்கு எவன் என்கிட்ட வருவான் நானா?"

காசைப் பற்றி அவள்தான் பேச்செடுத்தாள். அதெல்லாம் நேருக்கு நேர் பேசுகிற விஷயமா என்று பதறிப் பின்வாங்கிப் போய்விட்டான். போன மாதம்வரை அவளை வழியில் பார்த்தால் சந்தை முழுக்கக் கேட்கும்படி கத்தியவன். லாரி கிடைத்ததே என்று மகிழ்வதா, ஒருவன் வாயை அடைத்துவிட்டோமே என்று வருந்துவதா, பிராகோவுக்குப் பிடிபடவில்லை. எதற்கும் இருக்கட்டும் என்று முதலில் லாரிக்கு டீசல் போட்டாள்.

லாரி ஓடியது. சனிக்கிழமைக்கு இரண்டு சாவு எடுத்தாள். ஃபோசுக்கென்று ஆயிரத்து நானூறு ஒதுக்கி வைத்தாள். ஒரு சாமியானா கிழிந்தது, அதிலிருந்து எடுத்தாள். மகள் கல்லூரிக்கு எடுத்தாள். கேட்டு வாங்குகிறவனுக்குத்தான் பணம் முதலில் போகும். கேட்காதவன் பணம் எப்படிக் கரைகிறது என்பது வைத்திருப்பவளுக்கே தெரிவதில்லை.

மூன்றாவது மாதம் ஒரு புதன்கிழமை ஃபோசு வந்தான். கையில் ஒரு ஷ்னாப்ஸ் பெட்டி. இடது மூலை நசுங்கியிருந்தது. கொல்லையில் கம்பி துடைத்துக்கொண்டிருந்த அட்டா, கம்பியைக் கையில் பிடித்தபடியே தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். பிராகோ உட்கார இடம் தேடினாள். பக்கத்தில் தங்க நாற்காலிதான் கிடந்தது. உட்கார்ந்தாள்.

ஃபோசு அவளைப் பார்க்கவில்லை. அட்டாவைப் பார்த்துப் பேசினான்.

"அண்ணே, நானாகிட்ட சொல்லுங்க. ஆறாயிரம். மூணு மாசம் ஆச்சு. எஞ்சினுக்கு சாமான் குடுத்தவன் என் வெல்டிங் மிஷினைத் தூக்கிட்டுப் போயிட்டான்."

தன் இடது கண் துடிப்பதைப் பிராகோ உணர்ந்தாள். அட்டா அவளைப் பார்த்தார், கையிலிருந்த கம்பியைப் பார்த்தார், தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"நானா, இவர் சொல்றாரு: ஊமையா கெடந்த இரும்புக்கு நான் குரல் குடுத்தேன். அது ரோட்டுல போறப்ப எனக்குக் கேக்குது. கேட்டா மனசு நெறையுது. இப்ப என் பட்டறையில நெருப்பு தூங்குது."

கிண்டல் செய்கிறாரா என்று அவர் முகத்தைப் பார்த்தாள். ஒன்றும் தெரியவில்லை. உள்ளே டப்பாவில் எழுநூறு சேடி மிச்சம் இருந்தது. அதை எடுத்துவரச் சொல்லத்தான் வாயைத் திறந்தாள்.

"அவரை நான் மறக்கல," என்று வந்தது.

அட்டா அதை விரித்துச் சொன்னார். ஃபோசு தலை குனிந்து கேட்டு, நன்றி சொல்லி, பின்பக்கமாகவே நடந்து வாசல்வரை போனான். அங்கே நின்று திரும்பினான். தனக்கு நல்லது நடந்ததா கெட்டது நடந்ததா என்று புரியாமல் வாயைத் திறந்து, மூடி, மறுபடியும் திறந்தான். அந்த முழியோடு ஐந்து தடவை அரண்மனை வாசலைக் கடந்தவள் பிராகோ. வெளியிலிருந்து அதைப் பார்ப்பது இதுதான் முதல் தடவை.

"அட்டா அண்ணே, அவரைக் கூப்பிடுங்க," என்றாள், எழுந்துகொண்டே.

அட்டா கம்பியை நிமிர்த்தி ஊன்றினார்.

"கூப்பிட்டு என்னன்னு சொல்லட்டும் நானா?"