இடது கைக் காப்பு

தூத்துக்குடி மில்லர்புரத்தில் சுடலைக்கண்ணன் அண்ணாச்சியின் பலசரக்குக் கடைக்கு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் போகிறவர்கள் கொஞ்சம் பொறுமையோடு போக வேண்டும். துவரம்பருப்பு கேட்டால் உளுந்து வரும். அண்ணாச்சிக்கு வயதாகி மாடியோடு இருந்துகொள்ள, கடையைப் பார்ப்பது மகள் செல்வராணிதான். அவள் கண் தராசில் இருக்கும், காது முழுக்க உள்ளே அரிசி மூட்டைகள் பக்கம் இருக்கும். அங்கே மூட்டை மேல் உட்கார்ந்து மூன்று பேர் ‘நனைந்த சாட்சி’யைப் பிரித்து மேய்ந்துகொண்டிருப்பார்கள்.

‘நனைந்த சாட்சி’ வெள்ளிக்கிழமைதோறும் டிவியில் வரும் தொடர். அதில் மாசிலன் என்று ஒரு இன்ஸ்பெக்டர். தண்ணீரில் செத்தவருடைய பொருள் எதையாவது இடது கையால் தொட்டால் போதும், அவர் கடைசியாக நினைத்தது மாசிலன் காதில் விழும். அதைப் பிடித்துக்கொண்டு போய்க் கொலைகாரனைக் கண்டுபிடிப்பான். ஒரு சின்னப் பிள்ளையின் கொலுசைத் தொட்டுவிட்டு அவன் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்ட காட்சியில், ஹார்பரில் கிரேன் ஓட்டும் ஜெபசிங், அத்தனை பெரிய ஆள், சட்டைக் காலரால் கண்ணைத் துடைத்தாராம். கேட்டால் கிரேன் கேபினில் தூசி என்றார். வீட்டு சோபாவில் ஏது கிரேன் தூசி?

ஜெபசிங்கோடு சேர்ந்த மற்ற இருவர், பள்ளிக்கூடத்தில் பிசிக்ஸ் எடுக்கும் வேதாந்த் சாரும், ஷிப்பிங் ஏஜென்சியில் வேலை பார்க்கும் இந்துமதியும். இந்தத் தொடர் மட்டும் இல்லையென்றால் இவர்கள் ஒருவரிடம் ஒருவர் மணிகூடக் கேட்டிருக்க மாட்டார்கள். இப்போதோ சண்டை போடாமல் ஒரு வாரம் தள்ளாது. மாசிலனோடு சுற்றும் கான்ஸ்டபிள் தேவகிக்கு நிழலே விழவில்லை என்று இந்துமதி போனில் படத்தை நிறுத்திப் பெரிதாக்கிக் காட்டுவாள். ஹார்பரில் நாலு பக்கமும் எரியும் ஹைமாஸ்ட் விளக்குக்கு அடியில் வந்து நின்று பார், உனக்கு நாலு நிழல் விழும், அப்படியானால் நீ நாலு பேரா என்று ஜெபசிங் மடக்குவார். வேதாந்த் சார் விளக்கு வெளிச்சம் விழும் கோணத்தை அரிசிச் சாக்கின் மேல் விரலால் வரைந்து இருவரையும் தப்பு என்பார்.

பெரிய சண்டை மாசிலனைப் பற்றித்தான். அவனிடம் ஏதோ ரகசியம் இருந்தது. யார் வீட்டிலும் பச்சைத் தண்ணீர் குடிக்க மாட்டான். அவன் சம்பளம் வாங்கி யாரும் பார்த்ததில்லை. பள்ளிக்கூடம் போகும் சின்னப் பெண்ணைக்கூட ‘அம்மா’ என்றுதான் கூப்பிடுவான். இடது மணிக்கட்டில் ஒரு சிவப்புக் கயிறு, எந்தக் காட்சியிலும் அதைக் கழற்றுவதில்லை. மாசிலன் செத்துப்போனவன், அதனால்தான் சாப்பாடு இல்லை, கண்ணாடியில் தெரிவதுபோல இடம் வலம் மாறிக் கயிறு இடது கைக்கு வந்துவிட்டது என்று வேதாந்த் சார் தீர்ப்பே சொல்லிவிட்டார். ஷூட்டிங்கில் எவனோ கை மாற்றிக் கட்டிவிட்டான், அதற்குப் போய் இத்தனை ஆராய்ச்சியா என்றார் ஜெபசிங்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, யாருக்கோ சீனி நிறுத்துக்கொண்டிருந்த செல்வராணி திரும்பிப் பார்க்காமலே சொன்னாள்.

“அவன் சாகவும் இல்ல, போலீசும் இல்ல. அவன் விரதக்காரன். போட்டிருக்கது வேஷம்.”

குலசேகரன்பட்டினம் தசராவை அறியாதவர்கள் இந்தப் பக்கம் கிடையாது. அம்மனுக்கு நேர்ந்துகொண்டு மாலை போட்டு விரதம் இருப்பார்கள். கொடியேறியதும் கையில் காப்புக் கயிறு கட்டி, காளி, குரங்கு, குறவன், போலீஸ் என்று நேர்ந்த வேஷத்தைப் போட்டுக்கொண்டு வீடு வீடாகக் காணிக்கை வாங்கிக் கோயிலில் சேர்ப்பார்கள். விரதக்காரன் தன் கையால் பொங்கித்தான் தின்பான், அடுத்த வீட்டில் கை நனைக்க மாட்டான். எந்தப் பெண்ணைப் பார்த்தாலும் அவனுக்கு அம்மாதான். சூரசம்ஹாரம் முடிந்து காப்பை அவிழ்த்தால்தான் அவன் மறுபடியும் மனுஷன், அதுவரைக்கும் சாமி.

இப்போது நினைத்துப் பார்த்தால் எல்லாமே பொருந்தியது. எங்கேயோ ஒரு தசராவில் போலீஸ் வேஷம் கட்டியவன் காப்பை அவிழ்க்காமலே கிளம்பிப்போய்விட்டான். அவிழ்க்காததால் அம்மன் இன்னும் அவன் மேலிருந்து இறங்கவில்லை. அவன் காதில் செத்தவர்கள் பேசுவதும் அதனால்தான். இந்துமதிக்குக் கையெல்லாம் புல்லரித்து, அதை எல்லோரிடமும் நீட்டிக் காட்டினாள். வேதாந்த் சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், மாட்டினார், மறுபடியும் கழற்றினார். ஜெபசிங் மட்டும் ஒரு கேள்வியை விடவில்லை. ஆம்பிளைக்கு வலது கையில் அல்லவா காப்பு, இவனுக்கு ஏன் இடது கையில்? செல்வராணி தெரியாது என்று சொல்லிவிட்டுச் சீனிப் பொட்டலத்தைக் கட்டினாள்.

தெரியாமல் என்ன? நன்றாகத் தெரியும். வாய்விட்டுச் சொல்லப் பயம்.

செல்வராணிக்கு செந்தில்முருகன் என்று ஒரு தம்பி. கல்லாவில் உட்காரச் சொன்னால் கணக்குப் போடாமல் கதை யோசிக்கிறவன். பல வருஷத்துக்கு முன்னால் குலசேகரன்பட்டினம் தசராவுக்குப் போலீஸ் வேஷம் நேர்ந்திருந்தான். விரதச் சோறு தானே பொங்குகிறேன் என்று அடுப்பில் நின்றவன், பழக்கமில்லாமல் கொதிக்கிற கஞ்சியை வலது மணிக்கட்டில் கொட்டிக்கொண்டான். நெல்லிக்காய் அளவுக்குக் கொப்புளம். அதன் மேல் எப்படிக் கயிறு கட்டுவது? கோயிலில் வாங்கிவந்த காப்பை செல்வராணி அவனுடைய இடது கையில் கட்டி, முழுக்கைச் சட்டையை இழுத்துவிட்டாள். பொம்பளைப் பிள்ளைக்குக் கட்டுகிற கையில் கட்டியிருக்கிறது என்று கூட வேஷம் கட்டுகிற தசரா செட்டில் தெரிந்தால் மானத்தை வாங்கிவிடுவார்கள். அக்காவுக்கும் தம்பிக்கும் தவிர மூன்றாம் பேருக்கு அது தெரியாது.

சூரசம்ஹாரத்தன்று, கதை எழுத மெட்ராஸ் போகிறேன் என்றவனை அப்பா கோயில் வாசலில் வைத்து, அத்தனை பேர் பார்க்க, கன்னத்தில் அறைந்தார். வேஷம் போட்டவன் மேல் கை வைக்கலாமா என்று கூட்டமே பதறியது. அந்த ஜனக்கடலுக்குள் போனவன்தான், வரவில்லை. மறுநாள் கடற்கரை மணலில் அவனுடைய போலீஸ் தொப்பி மட்டும் கிடைத்தது. கடல் கொண்டுபோய்விட்டது என்று ஊர் சொன்னது, அப்பாவும் அப்படியே நம்பிவிட்டார். அன்றிலிருந்து ஒவ்வொரு மகாளய அமாவாசைக்கும் மகனுக்குக் கடற்கரையில் எள்ளும் தண்ணீரும் இறைக்கிறார். அந்த எள்ளை நிறுத்துக் கொடுப்பது செல்வராணி. அவள் கை நிறுக்கும், மனசு ஒரு நாளும் ஒப்புக்கொண்டதில்லை. அன்றைக்குப் படைத்த சோற்றை அவள் தொட்டதும் இல்லை.

அடுத்த வெள்ளிக்கிழமை சீசனின் கடைசி வாரம். கடல் பார்த்த ஒரு மேட்டில் தேவகி மாசிலனிடம் கேட்டாள், கயிறு ஏன் சார் இடது கையில் என்று. அவன் கயிற்றைத் தடவிக்கொண்டு, “கட்டுனவங்களுக்குத் தெரியும்” என்றான். அவ்வளவுதான், படம் இருண்டு பெயர்கள் ஓடின. ‘கதை: ஒருவன்’ என்று போட்டார்கள். யார் அந்த ஒருவன், ஆணா பெண்ணா, எந்த ஊர் என்று யாருக்கும் தெரியாது. செல்வராணி டிவிக்கு முன்னால் தரையில் உட்கார்ந்து, அன்றைக்குக் கயிறு கட்டிய தன் இரண்டு கைகளையும் பார்த்துக்கொண்டிருந்தாள். அத்தனை வருஷம் உள்ளுக்குள் கிடந்த கேள்விக்கு யாரோ தமிழ்நாடு முழுக்கக் கேட்கும்படி பதில் சொல்லிவிட்டார்கள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், கதை எழுதும் ‘ஒருவன்’ முதல் தடவையாக ரசிகர்களோடு பேசப்போவதாக டிவிக்காரர்கள் அறிவித்தார்கள். முகம் காட்டமாட்டார், குரல் மட்டும் வரும். முன்பதிவு செய்தவர்களுக்கு அவர்களே போன் போடுவார்கள், ஆளுக்கு ஒரு கேள்வி. நாள் முழுக்கக் கப்பல் ஏஜென்ட்டுகளோடு போனில் மல்லுக்கட்டுகிற இந்துமதி எப்படியோ இடம் பிடித்துவிட்டாள். மாசிலன் உயிரோடு இருக்கிறானா செத்தவனா என்று கேட்பதாக நால்வரும் கூடி முடிவு பண்ணினார்கள். மறுநாள் மகாளய அமாவாசை. அப்பாவுக்கு வேண்டிய எள்ளுப் பொட்டலம் கல்லா மேல் தயாராக இருந்தது.

செல்வராணிக்குக் கேட்க வேண்டியது வேறு. கேட்காமல் விட்டால் நாளைக்கு அந்த எள் கடலுக்குப் போகும். கேட்டு, இடது கைக் கயிறு மேக்கப்காரன் செய்த தப்பு என்று அந்த ஒருவன் சிரித்துவிட்டால்? தம்பி இரண்டாம் தடவை சாவான். இந்தத் தடவை அவன் சாகவில்லை என்று அவளாலும் சொல்ல முடியாது.

போன் அடித்தது. இந்துமதி ஸ்பீக்கரில் போட்டாள். தூத்துக்குடியிலிருந்து ரசிகை என்று தொகுப்பாளினி குழைந்தாள். ‘வணக்கம், சொல்லுங்க’ என்றது ஒருவனின் குரல். சுத்தமான பட்டணத்துப் பேச்சு, கனத்த குரல். செல்வராணிக்கு அதில் பிடித்துக்கொள்ள ஒரு நுனிகூட அகப்படவில்லை. ஆனாலும் கை தானாகப் போய் இந்துமதியின் கையிலிருந்த போனைப் பிடுங்கியது.

“வலது கையில கஞ்சி கொட்டுன கொப்புளம் ஆறிட்டாலே?”

இந்துமதி வாயைப் பொத்திக்கொண்டாள். மேடம், கேள்வி புரியவில்லை என்று தொகுப்பாளினி சிரித்தாள். லைனில் ஏதோ கோளாறு போல, அடுத்தவரிடம் போகலாம் என்றாள். கனத்த குரல் அவளைத் தடுத்தது. மூச்சு மட்டும் கேட்டது. அது திரும்பப் பேசியபோது பட்டணம் எங்கேயோ போயிருந்தது.

“ஆறிட்டுக்கா. காப்பத்தான் இன்னும் அவுக்கல.”

ஜெபசிங் மூட்டையிலிருந்து எழுந்து நின்றுவிட்டார், ஜெபத்துக்கு நிற்பதுபோல. செத்தவன் என்று தீர்ப்புச் சொன்ன வேதாந்த் சார் இரண்டு கையையும் நெஞ்சோடு சேர்த்துக் கும்பிட்டார். செத்தவர் பேசுவதை வாரா வாரம் பார்த்து வியந்தவர்கள்தான் அத்தனை பேரும். இது பலசரக்குக் கடைக்குள், மிளகாய் மூட்டைக்குப் பக்கத்தில், கண் முன்னால் நடந்தது. தொடரில் வராத அதிசயம். செல்வராணிக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாகப் பொங்கின.

“நீயா அவுத்துறாத. இங்கன வா. கட்டுனவ நான் இருக்கேன்லா.”

அந்தப் பக்கமிருந்து தம்பி கேட்டான். “அப்பா இன்னும் கோவமா இருக்காவளா?”

செல்வராணி பதில் சொல்ல நிமிர்ந்தாள். மாடிப்படியிறங்கி எள்ளுப் பொட்டலத்துக்காக வந்த சுடலைக்கண்ணன், கல்லாவுக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டிருந்தார். எவ்வளவு நேரமாக நிற்கிறாரோ. நடந்துவந்து, மகள் கையிலிருந்த போனுக்குப் பக்கத்தில் குனிந்தார்.

“சாப்ட்டியாலே?”

யார் வீட்டிலும் கை நனைக்காதவன் அந்தப் பக்கம் விம்மி அழுவது கடை முழுக்கக் கேட்டது. டிவிக்காரர்கள் அவசர அவசரமாக விளம்பரத்தைப் போட்டார்கள். போனில் மட்டும் அந்த அழுகை தொடர்ந்தது, யாரும் அதை அணைக்கவில்லை.

சுடலைக்கண்ணன் கல்லா மேலிருந்த பொட்டலத்தை எடுத்தார். நூலைப் பிரிக்க வராமல் பல்லால் கடித்து அறுத்தார். எள்ளு டப்பாவின் மூடியைத் திறந்து அதைத் திரும்பக் கொட்டினார். பாதி டப்பாவுக்குள்ளும் பாதி தரையிலுமாக விழுந்தது. மூவரும் குனிந்து பொறுக்கப் போனார்கள். கிடக்கட்டும் விடுங்க என்றாள் செல்வராணி.