ஐந்தாவது ஆள்

…பழையதற்கு ஒன்பது நிமிடம், புதியதற்கு நாற்பது நொடி, மறுபடி ஓட்டினாலும் நாற்பதுதான், எழுதியவன் எந்த ஊரோ, கையைப் பிடித்துக் குலுக்கலாம் போலிருந்தது பிரீத்திக்கு. நிரலுக்கும் தரவுத்தளத்துக்கும் நடுவே ஓடிக் கேள்வியைக் கொடுத்துப் பதிலை வாங்கி வரும் சின்ன மென்பொருள், டிரைவர் என்பார்கள், அதற்குள் இத்தனை அழகா… ஏழாயிரம்பண்ணை பட்டாசு ஆலை வாசலில் முந்நூறு பேர் வருகைக் கருவியில் விரல் வைத்துவிட்டு அறை எண்ணுக்காக வெயிலில் நிற்கிறார்கள், வரிசையில் போன நேரத்தை உள்ளே அவசரமாக ஈடுகட்டுகிறார்கள், மருந்து அவசரத்தைப் பொறுக்குமா? விருதுநகர் அலுவலகத்தில் உட்கார்ந்து அவள் சோதனை ஓட்டத்தில் அந்த வரிசையை நாற்பது நொடியாக்கிவிட்டாள், பிறகுதான் பட்டியலைப் பார்த்தாள்… பதினொன்றாம் அறையில் ஐந்து பேர். நாலுக்கு மேல் கூடாது, வெடித்தால் நாலோடு போகட்டும் என்று போட்ட விதி. பழையதில் ஐந்து வந்ததுண்டா? வாசலில் ஆள் பிரித்துவிடும் வெள்ளைத்தாயை அழைத்தாள்.

“அந்தப் பழசா? எங்க மாமியா கணக்காத்தா. வாசல்ல நிக்கவச்சு ஒவ்வொருத்தராக் கேக்கும். ஆனா அஞ்சாவது ஆள விட்டதே இல்ல.”

“புதுசு நல்ல வேகம்க்கா.”

“எங்க நாத்தனாவும் வேகந்தான். கேக்காமலே அடுப்படி வரைக்கும் வந்துருவா.”

பிரீத்தி சிரித்தாள், சிரிப்போடு பிடிபட்டது, பழையது ‘பதிந்தாயிற்று’ என்ற பதில் வரும்வரை அடுத்தவரைத் தொடுவதில்லை, புதியது காத்திருப்பதே இல்லை, ஒரே இடத்தை இருவருக்குக் கொடுத்துவிடுகிறது… அந்த ஒன்பது நிமிடமும் மந்தம் இல்லை, கவனம், அதை எழுதியவனுக்கும் ஒரு கும்பிடு. புதியதையும் பதிலுக்குக் காத்திருக்கச் சொல்லி மாற்றினாள், ஒரு நிமிடம் பத்து நொடி, எல்லா அறையிலும் நாலு, அப்பா, இரண்டு நல்லதும் ஒன்றில். இருபது தடவை ஓட்டினாள், ஒருமுறைகூட ஐந்து இல்லை. முதலாளி மணிகண்டராஜ் அழைத்தார், “என்னம்மா, எது வேகம்? திங்கக்கெழம போட்ரலாமா?” புதுசுதான் வேகம் அண்ணாச்சி, என்றாள், போடலாம் என்பது மட்டும் வாயில் வரவில்லை… இருபது தடவை ஓட்டியவள் அவள், திரையில். இருபத்தொன்றாவதை ஓட்டப்போவது அந்த முந்நூறு பேர்.