மேசையில் ஆங்கிலம் மட்டும்

எங்கள் வீட்டு ஃப்ரிட்ஜ் கதவில் பள்ளிக்காரர்கள் ஒட்டிவிட்டுப் போன அட்டையில் ஒரே ஒரு வரிதான்: சாப்பாட்டு மேசையில் ஆங்கிலம் மட்டும். மால்டாவுக்கு ஆங்கிலம் படிக்க வருகிறவர்களுக்கு இந்தப் பள்ளி தங்கப் பார்த்துக் கொடுக்கும் எல்லா வீட்டிலும் இந்த அட்டை உண்டு. வெயில் காய வருகிறவன் ஒரு வாரத்தில் போய்விடுவான், படிக்க வருகிறவன் மாதக்கணக்கில் இருப்பான் என்பது அரசாங்கத்துக்கு எப்போதோ புரிந்துவிட்டது. எனக்கும் புரிந்துவிட்டது. புரியாதவன் என் கணவன் வென்சு ஒருவன்தான்.

மாணவர்கள் சாப்பிட உட்கார்ந்தால் போதும், அவன் வாய்க்குப் பூட்டு விழுந்துவிடும். உப்பு வேண்டுமென்றால் முள்கரண்டியால் காட்டுவான். ரொட்டிக்கு மோவாயை நீட்டுவான். அதே ஆள் மொட்டை மாடியில் தக்காளிச் செடிக்குத் தண்ணீர் ஊற்றும்போது அடுத்த தெருவுக்குக் கேட்கிற மாதிரி மால்டீஸில் கத்திக்கொண்டிருப்பான். சின்ன வயதை மெல்போர்னில் கழித்தவனுக்கு ஆங்கிலம் வராமலா போகும்? கேட்டால், "மறந்து போச்சு, டோரி" என்பான். பச்சைப் பொய். ஜப்பானியப் பையன் ஒருவன் ஊருக்குக் கிளம்பும்போது, உங்கள் கணவருக்குத் தொண்டையில் ஆபரேஷனா என்று என்னிடம் அனுதாபமாகக் கேட்டான். எனக்கு மானமே போயிற்று.

அப்புறம் கொலம்பியாவிலிருந்து லெய்டி வந்தாள். துணி காயப்போட மாடிக்குப் போவாள். இறங்கும்போது வென்சுவிடமிருந்து ஒரு வார்த்தையோடு வருவாள். முதலில் வந்தது 'மெலா'. சரி, அப்போ, பின்னே, ஆமாம், அதானே, எல்லாவற்றுக்கும் எங்களுக்கு அந்த ஒரு வார்த்தைதான். அது இல்லாமல் எங்களால் கடையில் ஒரு ரொட்டிகூட வாங்க முடியாது. லெய்டி அதை வகுப்புக்கும் கொண்டுபோய்விட்டாள்.

பள்ளியிலிருந்து மார்ட்டீஸ் போன் செய்தாள். தங்கும் வீடுகளைப் பார்த்துக்கொள்கிறவள், சிலீமா என்கிற பணக்கார ஊர்க்காரி. மால்டீஸ் பேசினால் உதட்டுச் சாயம் கலைந்துவிடும் என்று நினைக்கிற ரகம்.

"டோரிஸ், இந்தப் பொண்ணு எதைக் கேட்டாலும் மெலாங்கறா. உங்க வீட்ல என்னதான் நடக்குது?"

"துணி காயுது, வேறென்ன?" என்றேன்.

அதோடு பள்ளிப் பட்டியலிலிருந்து எங்கள் வீடு போய்விடும் என்று நினைத்தேன். ஆனால் அடுத்த வாரம் அவள் சிரித்த முகத்தோடு நேரிலேயே வந்து நின்றாள். வெளிநாடுகளில் பள்ளிகளை விளம்பரம் செய்ய அரசாங்கம் உதவி செய்கிறதாம். அந்த உதவியில் பள்ளி ஒரு படம் எடுக்கிறது, குடும்பச் சாப்பாட்டுக் காட்சிக்கு எங்கள் மேசையைப் பார்த்து வைத்திருக்கிறார்கள். அது நன்றாக அமைந்தால் குளிர்காலத்திலும் எங்களுக்கு ஆள் அனுப்புவார்கள். மாணவர்கள் தங்கும் அறை குளிர்காலம் முழுக்கக் காலியாகத்தான் கிடக்கும். உடனே தலையாட்டினேன்.

"ரெண்டே விஷயம்," என்றாள். "உங்க வழக்கமான முயல் கறி வேண்டாம். முயலைச் செல்லமா வளர்க்கிறவங்க பார்ப்பாங்க. அப்புறம், உங்க கணவர். சும்மா சிரிச்சிக்கிட்டு உக்காந்தா போதும். முடியலேன்னா அன்னிக்கு மட்டும் பேண்டு கிளப் பக்கம் போய் ஒரு பீர் குடிச்சிட்டு வரட்டுமே."

மாடிக்குப் போய்ச் சொன்னேன். வென்சு ரப்பர் குழாயைக் கீழே போட்டான்.

"முயலுக்கும் எனக்கும் ஒரே நாள்ல விடுதலையா?"

"விளையாடாத, வென்ஸ். எனக்கு அந்த ரூம் காலியா கெடக்கக் கூடாது."

"அப்ப வருஷம் பூரா ஆளு இருக்கும்."

"ஆமா."

"வருஷம் பூரா அந்த அட்டையும் இருக்கும்."

என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தான். பிறகு, "மெலா, உக்காந்து சிரிக்கிறேன்" என்றான்.

படம் எடுக்க வந்தவர்கள் என் திரைச்சீலையைக் கழற்றி, யேசுவின் படத்தை நகர்த்தி, மேசையை ஜன்னலோரம் இழுத்துப் போட்டார்கள். முயலுக்குப் பதில் மாவுக்குள் மக்ரோனியை வைத்துச் சுட்ட திம்பானா செய்திருந்தேன். வென்சு சவரம் செய்து, கல்யாணத்துக்குப் போகிற சட்டை போட்டுக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தான். அந்தச் சிரிப்பைப் பார்க்க எனக்குச் சகிக்கவில்லை.

லெய்டி சொல்ல வேண்டிய வரியை மார்ட்டீஸ் கொடுத்திருந்தாள்: இந்த வீட்டில் எல்லோரும் என்னோடு ஆங்கிலம் பேசுகிறார்கள். லெய்டி பாதி வரைக்கும் சொன்னாள். அப்புறம் வென்சு பக்கம் திரும்பினாள்.

"எல்லாரும் இல்லையே. வென்சு, மாடியில என்கிட்ட அவ்வளவு பேசறீங்க. இங்க மட்டும் ஏன் வாயே திறக்கறதில்ல?"

கேமரா ஓடிக்கொண்டிருந்தது. மார்ட்டீஸ் கையை உயர்த்தினாள். அதற்குள் வென்சு முள்கரண்டியைக் கீழே வைத்துவிட்டு ஆங்கிலத்தில் பேச ஆரம்பித்தான். தட்டுத் தடங்கல் இல்லாத மெல்போர்ன் ஆங்கிலம். இத்தனை வருஷக் குடித்தனத்தில் நான் அதைக் கேட்டதே இல்லை.

"சின்னப் பையனா இருந்தப்போ எங்க டீச்சர் வீட்டுக்கு வந்தாங்க. நல்லவங்கதான், இவங்கள மாதிரியே. பையனோட வீட்ல இங்கிலீஷ் மட்டும் பேசுங்க, அவன் நல்லதுக்குத்தான்னு அம்மாகிட்ட சொன்னாங்க. அம்மா டீச்சர் சொன்னா தட்ட மாட்டா. ஆனா அவளுக்குத் தெரிஞ்சது ரெண்டுதான். தேங்க் யூ, குட் மார்னிங். அன்னிலேர்ந்து என்கிட்ட அது ரெண்டுதான் பேசினா. சாப்பாட்டுத் தட்டை வெச்சா தேங்க் யூ. நான் விழுந்து முட்டியை உடைச்சிக்கிட்டு அழுதா, தேங்க் யூ தேங்க் யூன்னு தடவிக்கொடுப்பா. ராத்திரி போர்த்திவிட்டு வெளக்கை அணைச்சிட்டு, குட் மார்னிங், வென்ஸ்ம்பா."

தண்ணீர் குடித்தான்.

"அந்த அட்டையைப் பார்த்தா அவ ஞாபகம் வந்துடுது. பேச வாய் வரமாட்டேங்குது. அவ்வளவுதான்."

கேமராக்காரன் மூக்கை உறிஞ்சினான். மார்ட்டீஸ்தான் முதலில் பேசினாள்.

"எவ்வளவு அழகான ஆங்கிலம்! இத்தனை நாள் ஒளிச்சு வெச்சிருந்தீங்களே! அந்த அம்மா கதையை மட்டும் விட்டுட்டு இன்னொரு தடவை பேசறீங்களா?"

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வென்சு என்னைப் பார்த்தான். நான் தலையாட்டினால் அவன் பேசுவான், எனக்குத் தெரியும். அந்த அறைக்காக, எனக்காக, அம்மாவை விட்டுவிட்டுப் பேசுவான். நான் எழுந்து போய் அடுப்பிலிருந்து திம்பானாத் தட்டை எடுத்து வந்தேன். கேமராவுக்கு முன்னால் நின்று, வென்சு மாடியில் கத்துகிற அதே சத்தத்தில், மால்டீஸில் கேட்டேன்.

"வென்ஸ், இன்னும் ஒரு துண்டு போடட்டா?"

"மெலா!" என்று தட்டை நீட்டினாள் லெய்டி.

வென்சு விழுந்து விழுந்து சிரித்தான். அவனுடைய சொந்தச் சிரிப்பு. பிறகு அவனும் தட்டை நீட்டினான்.

படத்தைச் சிலீமாவில் வேறொரு வீட்டில் எடுத்துக்கொண்டார்கள். குளிர்காலத்துக்கு எங்களுக்கு யாரையும் அனுப்பவில்லை. அறை காலியாகத்தான் கிடக்கிறது. எனக்கு வருத்தம்தான், இல்லையென்று சொல்ல மாட்டேன். ஃப்ரிட்ஜ் கதவிலிருந்த அட்டையை எடுத்துவிட்டேன், வென்சு மேசையில் ஓயாமல் பேசுகிறான். சூப்பில் உப்பில்லை, மந்திரிக்கு மூளையில்லை, பக்கத்து வீட்டுப் பூனைக்கு வெட்கமில்லை. சில நாள் அந்த அட்டையை மறுபடி ஒட்டிவிடலாமா என்றுகூடத் தோன்றும்.

படுக்கும்போது மட்டும் நான் முந்திக்கொள்கிறேன். விளக்கை அணைக்கும் முன்பே எங்கள் மொழியில் அவனுக்கு இரவு வணக்கம் சொல்லிவிடுவேன். எவ்வளவு தூக்கக் கலக்கத்திலும் அவன் அம்மாவைப் போல அதை மட்டும் மாற்றிச் சொல்லிவிடக் கூடாது என்று எனக்கு ஒரு பயம்.