பேட்டரிக்குப் பூக் கேட்டது

சூசைராஜின் வலது மணிக்கட்டு வீங்கி ஒரு மாதமாகிறது. லாரியின் பேட்டரி செத்ததிலிருந்து, முன்னால் ஹேண்டிலைச் செருகிச் சுற்றித்தான் வண்டியைக் கிளப்புகிறான். ஹேண்டில் ஒருநாள் திருப்பி அடித்துவிட்டது. இன்னொரு அடி விழுந்தால் கையும் போய்விடும், டிரைவர் பிழைப்பும் போய்விடும் என்று வைத்தியர் சொல்லியிருந்தார்.

முதலாளி ஆத்மநாதன் கல்நெஞ்சுக்காரர் இல்லை. புதுக்கோட்டைக் கடையிலிருந்து இரண்டு பேட்டரிகளைப் பார்வைக்கு எடுத்து வந்தார். பெரியது லாரிக்கு உரியது. சின்னது காருக்கு உரியது, பாதி வோல்ட்தான். இதில் யோசிக்க என்ன இருக்கிறது என்பீர்கள். காளியம்மனிடம் பூக் கேட்காமல் மாட்டுக்கு மூக்கணாங்கயிறுகூட மாற்றாத மனுஷர் அவர்.

"மொதலாளி, சின்னது நம்ம வண்டிக்கு ஆகாதுங்க. வோல்ட்டு பத்தாது."

"வோல்ட்டு நீ சொல்றே. ஆத்தா என்ன சொல்றான்னு பாப்போம். செவப்புப் பூ வந்தா பெருசு, வெள்ளை வந்தா சிறுசு."

சூசைராஜ் மாதாவிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு பூசாரி பிச்சைமுத்துவைப் போய்ப் பார்த்தான். நார்த்தாமலைத் திருவிழாவுக்கு லாரியின் முன்சீட்டில் கூட்டிப்போவதாக வாக்குக் கொடுத்தான். பூசாரிக்கு முன்சீட் என்றால் உயிர். ஒன்றில் சிவப்பு, ஒன்றில் வெள்ளை என்று கட்டவேண்டிய இரண்டு இலைப் பொட்டலத்திலும் செவ்வரளியையே வைத்துக் கட்டிவிட்டார்.

பேட்டரிகளுக்குப் பொட்டு வைத்துச் சன்னதியில் இறக்கினார்கள். ஆத்மநாதன் கண்ணை மூடி நெடுநேரம் முணுமுணுத்துவிட்டு ஒரு பொட்டலத்தைப் பிரித்தார். சிவப்பு.

"பெருசுதானுங்க!" சூசைராஜ் குதித்தே விட்டான்.

"இல்லப்பா, சிறுசு. நீ காதால கேட்டுட்டியேன்னு, கண்ணை மூடினப்ப மாத்தி நெனச்சுக்கிட்டேன். அது எனக்கும் ஆத்தாளுக்கும்தான் தெரியணும்."

சூசைராஜ் மற்றப் பொட்டலத்தைக் காட்டினான். "அந்தப் பொட்டலத்தையும் பிரிச்சுப் பாருங்க, அதுலயும் செவப்புதான்!" என்று கத்திவிட்டான்.

பிரித்தார். சிவப்புதான். பூசாரி மெல்லத் தூணுக்குப் பின்னால் நகர்ந்தார்.

ஆத்மநாதனுக்குக் கண் கலங்கிவிட்டது. "பிரிக்காமலே சொல்லிட்டியே சூசை! வண்டிக்குச் சிறுசுன்னு ஆத்தா ரெண்டு தடவ சொல்றா. அப்ப பெருசு தனக்கு வேணும்கிறா!"

"ஐயோ, நாந்தானுங்க அப்புடிக் கட்டச் சொன்னேன்!"

"நீ மாதா கோயிலுக்குப் போற வேதக்காரன். ஆத்தா சொல்லாம ஒனக்கு அந்தப் புத்தி எப்புடி வரும்?"

பெரிய பேட்டரி சன்னதியிலேயே தங்கிவிட்டது. லாரியின் முன்விளக்கு பல்பு ஒன்றையும் கழற்றி அங்கே மாட்டினார்கள். சின்ன பேட்டரி லாரியில் ஏறி, ஒரு முனகல் முனகிவிட்டுப் படுத்துக்கொண்டது.

திருவிழா அன்று விடிகாலையில் கோவில் வாசலில் சூசைராஜ் ஹேண்டிலோடு குனிந்து நின்றான். அம்மன் பல்பு பளிச்சென்று எரிந்தது. அந்த வெளிச்சத்தில் ஹேண்டில் செருகும் ஓட்டை நன்றாகத் தெரிந்தது. வலது கையை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு இடது கையால் சுற்றினான்.

"சட்டுன்னு சுத்துப்பா, கூட்டம் சேந்துரும்" என்றார், முன்சீட்டிலிருந்து பூசாரி.